எட்டு ஸ்டோன் பட்டமும் அமர்லேயின் கிண்ணமும்

அக்ராவில் குத்துச்சண்டைக்கு ஃபிளைவெயிட் பட்டம் உண்டானது ஒரு கச்சையால். சினிமாக் கொட்டகை வைத்திருந்த லெபனான்காரர் ஹத்தாத், லைட்வெயிட் சாம்பியனுக்குக் கட்டுவதற்கென்று லண்டனுக்கு எழுதிப்போட்டு அதைத் தருவித்தார். 1934 பிப்ரவரியில் கப்பலில் வந்து இறங்கியது. சிவப்புத் தோல், நடுவில் வெள்ளி முலாம் பூசிய தட்டு, பின்பக்கம் கொக்கி. லைட்வெயிட் சாம்பியனை வயிற்றை எக்கச் சொல்லி மூன்று பேர் இழுத்துப் பார்த்தார்கள். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி நின்றது.

"திருப்பி அனுப்பிரலாமா மாஸ்டர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எதுக்கு? இது எவன் இடுப்புல சேருதோ அவனுக்கு ஒரு பட்டம் வச்சுருவோம்" என்றார் ஹத்தாத்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இருப்பதிலேயே சிறிய வகுப்பு எட்டு ஸ்டோன். நூற்றுப்பன்னிரண்டு ராத்தல். அதற்கு மேல் கால் ராத்தல் கூடினாலும் ஆள் வெளியே. அக்ரா ஃபிளைவெயிட் சாம்பியன்ஷிப் என்று கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினார்கள்.

அதுவரை எங்கள் பேட்டையான புகோமில் யாரும் எடை பார்த்துச் சண்டை போட்டதில்லை. திடலில் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துவார்கள். சுற்றி நிற்பவர்கள் தோளையும் தொடையையும் ஒரு பார்வை பார்த்து, "இவனுக்கு அவன் சரி" என்றால் சரி. எடையெல்லாம் மீனுக்கும் கோக்கோவுக்கும்தான். ஹத்தாத்தின் கிடங்கில் கோக்கோ மூட்டை நிறுப்பது என் வேலை. குத்துச்சண்டைக்காரர்களையும் அந்தத் தராசிலேயே ஏற்றி நிறுத்தேன். இங்கே எழுதும் எடைகள் எல்லாம் அந்தத் தராசு சொன்னவை.

அந்தப் பட்டத்துக்கு முதலில் உரியவனாக இருந்தவன் தாவியா. ஆனால் நான் எழுத வந்தது அவன் மனைவி அமர்லேயைப் பற்றி. பட்டத்தின் கதையில் அவள் பெயரை யாரும் சேர்ப்பதில்லை.

அமர்லே அசெரே பகுதிக்காரி. தாய் விட்டுப்போன மூன்று பெரிய பானைகளை வைத்துக்கொண்டு கென்கி, அதாவது மட்டையில் சுற்றிய புளித்த சோளமாவு உருண்டை, வேகவைத்து விற்றாள். அவள் கென்கி கல் போல இறுகி நிற்கும், சோள மட்டையைப் பிரித்தால் கையில் ஒட்டாது, மூன்றாம் நாளும் கெடாது. கடலுக்குப் போகிறவர்கள் அதற்காகவே அவளிடம் வாங்கினார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் பெயர் வைக்கும் எட்டாம் நாளுக்கு முன்னால் போய்விட்டன. அவளும் சொந்தக்காரப் பெண்களும் சேர்ந்து குடியிருந்த பெண்கள் வளவில் அதைப் பற்றி அவள் முகத்துக்கு நேரே யாரும் பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசாமல் இருக்கவும் இல்லை.

தாவியா வலை இழுக்கிறவன். இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தவன், பெயரே அதற்குத்தான். நீளக் கை, நல்ல தோள். முதல்முறை அவனை நிறுத்தபோது நூற்றிருபத்திரண்டு ராத்தல் இருந்தான். அவனைப் பழக்கியவர் சோவா. வயதில் மூத்தவர்களை எங்கள் ஊரில் அத்தா என்போம், அவரையும் அப்படித்தான். ஃபிளைவெயிட்டுக்கு மேல் வகுப்பில் அவருடைய சொந்தத் தங்கை மகன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஆகவே தாவியாவை மேலே விட அவருக்கு மனமில்லை.

"மேல இடமில்லடா. நீ கீழ இறங்கு" என்றார் சோவா.

"பத்து ராத்தல் அத்தா. எங்கேர்ந்து இறக்குறது? கையை வெட்டி வச்சுட்டு வரவா?"

"கை வேணும். வயிறு வேண்டாம்."

இறக்கினார்கள். காலையில் பழைய பாய்மரத் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு மணலில் ஓட்டம். மதியம் மீன் புகைபோடும் அடுப்புகளுக்கு நடுவே போர்வைக்குள் உட்கார வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் மத்தி எண்ணெய் சொட்டச் சொட்ட வாட்டப்படும். கசப்பு வேரை மென்று, ஊறும் எச்சிலை ஒரு தகர டப்பாவில் துப்பிக்கொண்டே இருப்பான். தண்ணீரை வாயில் வைத்துக் கொப்புளிக்கலாம், விழுங்கக் கூடாது. அவன் கொப்புளிக்கும்போது சோவா பெருவிரலை அவன் தொண்டை எலும்பின் மேல் வைத்திருப்பார். எலும்பு ஏறி இறங்கினால் அதே கையால் காதோடு ஓர் அறை.

மிச்சமிருந்த சங்கடம் ஒன்றுதான். ராத்திரிச் சாப்பாடு.

எங்கள் பக்கத்தில் கணவன் ஆண்கள் வளவில் இருப்பான், மனைவி தன் தாய்வழிப் பெண்களோடு இருப்பாள். பொழுது சாயும்போது மூடிபோட்ட கிண்ணம் அவனுக்குப் போகும். அதுதான் கல்யாணம். கிண்ணம் தொடப்படாமல் திரும்பினால், உன் சோற்றில் எனக்கு நம்பிக்கையில்லை என்று அவன் ஊரறியச் சொல்கிறான் என்று பொருள். அடுத்த வாரமே அவளுடைய மாமன்கள் வந்து நியாயம் கேட்பார்கள்.

நியாயம் நடந்தால் விஷயம் வெளியே வரும். தாவியா பட்டினி கிடந்து எட்டு ஸ்டோனுக்குள் நுழையப் பார்க்கிறான் என்று பக்கத்துப் பேட்டை ஜேம்ஸ் டவுன்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பட்டத்துக்கு அவனோடு மோதவிருந்த அயிக்வேய் ஜேம்ஸ் டவுன். பிறவியிலேயே சின்ன உடம்பு. தெரிந்தால் காய்ந்த வயிற்றையே குறிபார்த்து அடிப்பான். அதைவிட, பட்டினி கிடக்கும் சண்டைக்காரன் என்ற சிரிப்பு புகோமில் ஆயுளுக்கும் நிற்கும்.

சோவா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அமர்லேயின் கிண்ணத்தை அவரே சாப்பிட்டார்.

ஆண்கள் வளவில் அப்போது தாவியாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் வெகு காலம் கழித்து எனக்குச் சொன்னது இது.

"வாயைப் பாக்காதடா. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு" என்பாராம் சோவா, மூடியைத் திறந்துகொண்டே. "அடடா. என்ன கை உன் பொண்டாட்டிக்கு! மீன் தலையை ரெண்டாப் பொளந்து போட்டிருக்கா பாரு."

"ஒரு வாய் அத்தா."

"ஒரு வாய் கால் ராத்தல்."

"விரலையாவது நக்கிக்கறேன்."

"என் விரலையா? இந்தா." சூப்பில் நனைந்த விரலை நீட்டி, தாவியா குனிந்ததும் இழுத்துக்கொண்டு சிரிப்பாராம். "இன்னும் குத்துறதுக்கு முன்னாடியே குனியுற பழக்கம் போகல உனக்கு."

கிண்ணம் வழித்துத் துடைத்து வாசற்படிக்குப் போய்விடும். காலையில் அமர்லே வந்து எடுத்துக்கொள்வாள்.

"சாப்பிட்டியா?" என்று வாசலில் நின்று கேட்பாள்.

"சாப்பிட்டேன்."

"மீன் எப்படி?"

"தலையை ரெண்டாப் பொளந்து வச்சிருந்த. நல்லா இருந்துச்சு."

காதில் விழுந்த விவரத்தைச் சொன்னதால் பொய் நன்றாகப் பொருந்தியது. ஆனால் அவன் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. கழுத்து நரம்பு கயிறு போலத் தெரிந்தது. அவள் பயந்துபோய் அதிகமாகச் சமைத்தாள். கிண்ணத்தில் நண்டு வந்தது, ஆட்டு எலும்பு வந்தது. அவன் மேலும் வற்றினான். சோவாவின் வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளத் தொடங்கியது. அதை யாரும் இதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

பெண்கள் வளவின் தலைவி ஆவோ குவார்லே. அமர்லேயின் பெரியம்மா முறை. அவளும் கென்கி விற்றாள். அவள் கென்கி இரண்டாம் நாளே நூல்விடும். முதலில் வாய் திறந்தவள் அவள்தான்.

"நல்லா வடிச்சுக் கொட்டு. கொட்டக் கொட்ட அவன் கரையுறான்."

"பயிற்சி அதிகம் ஆவோ. அதான்."

"சோவாவோட மத்தப் பசங்க எல்லாம் பயிற்சி பண்ணல? அவனுங்க கழுத்து இருக்கிற இடத்துலதானே இருக்கு?"

தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "ரெண்டு சின்னது பத்தலபோல. இப்ப பெருசு."

எங்கள் ஊரில் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கிண்ணம் நிறைந்து திரும்பினால் அது புருஷனின் புகார். கிண்ணம் காலியாகத் திரும்பி, சாப்பிட்டவன் காய்ந்துகொண்டே போனால், சமைத்தவள் சூனியத்தால் அவனைத் தின்கிறாள். சோவாவின் வழி இந்த இரண்டாவதில் கொண்டுபோய் விட்டது. அவருக்கு அது தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

முதலில் குழந்தைகளை அவளிடம் கென்கி வாங்க அனுப்புவதை நிறுத்தினார்கள். பிறகு படகுக்காரர்கள் நிறுத்தினார்கள். பானையில் பாதி மிஞ்சியது. ஒரு காலையில் அவள் அடுப்புக் கல்லின் மேல் யாரோ சாம்பலைக் கொட்டி, கோழி இறகு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் சோவாவிடம் போனாள்.

"அவனுக்கு என்ன நோவு அத்தா? உண்மையச் சொல்லுங்க. மருந்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சோவா அப்போதுதான் பல் குத்திக்கொண்டிருந்தார். "ஒரு நோவும் இல்ல. எல்லாம் உன் கைப்பக்குவந்தான்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவர் உள்ளே இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். வெளியே அது சாட்சியாகப் பரவியது.

தாவியாவுக்கு எல்லாம் தெரியும். அவன் ஒருமுறை சோவாவிடம், "சொல்லிரலாம் அத்தா. அவளுக்கு மட்டும்" என்று கேட்டிருக்கிறான்.

"பொம்பளைகிட்ட சொன்னா குழாயடிக்குப் போகும். குழாயடிக்குப் போனா ஜேம்ஸ் டவுனுக்குப் போகும். கச்சையக் கட்டிக்கிட்டு வந்து சொல்லு. அப்ப யார் கேப்பா?"

"அதுக்குள்ள அவளை..."

"என்னடா பண்ணிருவாங்க? பேசுவாங்க. பேச்சுக்கு எடை கிடையாது."

அமர்லேயின் தாய்மாமன் ஒக்காய் மரியாதையான மனிதர். பேச்சு அளவு மீறியதும் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். புருஷன் வளவுக்கு வரட்டும். எல்லார் முன்னாலும் அவள் சமைத்ததை ஒரு கை அள்ளி விழுங்கட்டும். தன்னைத் தின்கிறவளின் சோற்றை எவனும் தெரிந்து விழுங்க மாட்டான். அவன் விழுங்கினால் இதோடு விவகாரம் முடிந்தது, பேசுகிறவர்கள் அபராதமாக ஆடு கொடுக்க வேண்டும். ஆவோ குவார்லேயால் மறுக்க முடியவில்லை. எல்லாரும் ஊரில் இருக்கும் நாள் என்று சனிக்கிழமை முற்பகலைக் குறித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மதியம்தான் நிறுவை.

அமர்லே மகிழ்ந்துபோனாள். ஆண்கள் வளவு வாசலுக்கு ஓடிவந்து அவனைக் கூப்பிட்டாள். "ஒரே ஒரு கை. என் முன்னாடி இல்ல, அவங்க முன்னாடி. முழுங்கிட்டு எழுந்து போயிரு. நான் வேற எதுவும் உன்கிட்டக் கேக்கல."

"வர்றேன்" என்றான் தாவியா.

சனிக்கிழமை காலை சோவா அவனைக் கிடங்குக்கு அழைத்துவந்து, அதிகாரப்பூர்வமாக இல்லாமல் ஒருமுறை நிறுக்கச் சொன்னார். நூற்றுப்பன்னிரண்டே கால். சோவா தகர டப்பாவை அவன் கையில் கொடுத்தார். "மதியத்துக்குள்ள இந்தக் கால் ராத்தலை இதுல துப்பு. எச்சிலைக்கூட முழுங்காத."

"வளவுக்குப் போகணும் அத்தா."

"போ. போய் வாயில வை. முழுங்குன, உன்னை நான் இல்ல, இந்தத் தராசு கொல்லும்."

இனி வளவில் நடந்ததை ஒக்காய் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். முற்றத்தில் வளவுப் பெண்கள் முழுவதும் கூடியிருந்தார்கள். அமர்லே புதுத்துணி கட்டியிருந்தாள். எண்ணெய்ப்பனைப் பழ சூப், நண்டு, பக்கத்தில் பிரித்துவைத்த கென்கி. தாவியா கிண்ணத்தின் முன் உட்கார்ந்தான். அந்த வாசனையில் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூட்டம் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டது.

"என்னப்பா, கிண்ணம் கடிக்குதா?" என்றாள் ஆவோ குவார்லே.

அவன் கென்கியைப் பிய்த்து, சூப்பில் அழுத்தி எடுத்து, வாயில் போட்டான். மென்றான். வெகுநேரம் மென்றான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். ஒக்காய் எழுந்து, "ஆச்சு. பாத்தீங்கல்ல?" என்றார். அமர்லே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாவியா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போனான். அவசரக்காரன், இன்றைக்குச் சண்டையல்லவா என்று சொல்லிக்கொண்டார்கள்.

சந்து திரும்பும் இடத்தில் சாக்கடை. அங்கே அவன் குனிந்து முழுவதையும் துப்பினான். வழியில் வந்த ஒருத்தியின் குடத்திலிருந்து தண்ணீர் வாங்கி, சோவா பழக்கியிருந்தபடி கொப்புளித்து மூன்று முறை துப்பினான். தீயது எதையாவது தொட்டுவிட்டால் எங்கள் ஆட்கள் செய்வதும் அதேதான்: வாயலம்பி மூன்று முறை துப்புவது. அவனுக்கு அந்த நேரத்தில் நினைவில் இருந்தது கால் ராத்தல் மட்டும். குடத்துக்காரியோ அப்படியே வளவுக்குள் ஓடினாள்.

"துப்பிட்டான்! மூணு தடவை துப்பினான்! என் தண்ணியிலதான் வாயைக் கழுவினான்!"

அமர்லே அப்போது கிண்ணத்துக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

கிடங்கில் நான் நிறுத்தபோது தாவியா சரியாக நூற்றுப்பன்னிரண்டு. தராசின் முள் நடுங்காமல் நின்றது. அயிக்வேய் சட்டையோடு ஏறினான், நூற்றொன்பது. கையில் ஒரு கென்கி உருண்டையை வைத்துக் கடித்துக்கொண்டே ஏறினான்.

"தாவியா, உன்னை யாரு கருவாடாக் காயப்போட்டது?" என்றான். "ஒரு கடி வேணுமா? நீ பாக்குற பார்வையில இதுக்கே வயித்தால போகும்போல."

அசெரே பக்கமிருந்து கூச்சல் கேட்டது. தாவியா தலையைத் தூக்கினான். "என்ன சத்தம் அத்தா?"

சோவாவுக்கு ஆள் வந்து சொல்லியாகிவிட்டது. "மீன்காரிங்க சண்டை" என்றார். "தண்ணி குடி. இப்ப குடிக்கலாம். மெதுவா."

அந்தக் கூச்சலில் நடந்தது வேறு. மூன்று பானைகளையும் உலக்கையால் உடைத்தார்கள். உடைத்தவர்களில் அவள் தயவில் கடனுக்குக் கென்கி தின்ற பெண்களும் இருந்தார்கள். மீந்த சூப்பை அவள் தலையிலேயே கவிழ்த்தார்கள். காலிக் கிண்ணத்தைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமல் நடக்கச் சொல்லித் தெரு முழுக்க நடத்தினார்கள். கிண்ணம் விழும்போதெல்லாம் சோளக் கட்டையால் அடி. ஒக்காய் குறுக்கே போனார், அவரையும் தள்ளிவிட்டார்கள். ரயில் நிலையம் வரை கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார்கள். வண்டி நகரும்போது ஆவோ குவார்லே ஜன்னலுக்குள் எட்டி, "போற இடத்துல கல்யாணம் பண்ணாத. பாவம் அவனுங்க" என்றாள். அமர்லேயின் காதில் மிஞ்சியிருந்த ஒரு தோட்டைக் கழற்றி, "இது உன் அம்மாவோடது, வளவுச் சொத்து" என்று எடுத்துக்கொண்டாள். மற்றொன்று தெருவிலேயே எங்கோ விழுந்திருந்தது.

சண்டை சாயங்காலம் கொட்டகை முற்றத்தில். பத்து ரவுண்டு. நிறுவைக்கும் மேடைக்கும் நடுவில் தாவியா தண்ணீரும் சர்க்கரைத் தேநீரும் ரொட்டியுமாக உள்ளே தள்ளியிருந்தான். மேடையேறும்போது அவன் நிச்சயமாக எட்டு ஸ்டோன் இல்லை. அயிக்வேய் முதல் மூன்று ரவுண்டு நன்றாக ஆடினான். நான்காவதில் தாவியாவின் இடது கை அவன் விலாவில் இறங்கியது; மேடைக்குக் கீழே இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதன் பிறகு தாவியா அந்த விலாவை மட்டுமே தேடித் தேடி அடித்தான். அயிக்வேய் விழாமல் பத்து ரவுண்டும் நின்றது அவனுக்கு நல்லதாக இல்லை. வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் டவுன்காரர்களே, "போதும், உக்காருடா" என்று கத்தினார்கள். புள்ளிக் கணக்கில் தாவியா வென்றான். கச்சை அவன் இடுப்பில் சரியாகப் பொருந்தியது. அக்ராவின் முதல் ஃபிளைவெயிட் சாம்பியன் என்று ஹத்தாத் மூன்று முறை அறிவித்தார்.

தோளில் தூக்கிக்கொண்டு அசெரேக்குப் போனார்கள். அமர்லேயின் அடுப்பு இருந்த இடத்தைக் கடக்கும்போது அவன் மேலேயிருந்து பானை ஓடுகளைப் பார்த்தான். "இறக்குங்கடா" என்றான். இறக்கவில்லை. உதைத்துக் கீழே குதித்தான்.

"அவ எங்கே?"

"ஒழிஞ்சா. இனிமே நீ தேறிருவே" என்றார்கள்.

"நான் அவ சோத்தைச் சாப்பிடவே இல்லைடா! ஒரு நாளும் சாப்பிடல! சோவா அத்தாதான் சாப்பிட்டாரு! கேளுங்க அவரை!"

எல்லாரும் சோவாவைப் பார்த்தார்கள். அடுத்தவன் மனைவி அனுப்பிய கிண்ணத்தில் கைவைப்பது எங்கள் ஊரில் அவள் பாயில் படுப்பதற்குச் சமம். ஊர் முன்னால் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"நானா?" என்றார் சோவா. வயிற்றைத் தட்டிக் காட்டினார். "அவ சோத்தத் தின்னவன் எப்படி இருப்பான்னு ஊருக்கே தெரியும். நான் அப்படியா இருக்கேன்?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. பிடித்த பேய் இன்னும் விடவில்லை, அதுதான் பேசவைக்கிறது என்று தாவியாவுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

அமர்லே என்சவாமில் இறங்கியிருந்தாள். அவளுக்கு எடுத்த டிக்கெட் அதுவரைக்கும்தான். ரொட்டி விற்கிற பெண்களுக்கு நடுவில் கடன்பட்டு ஒரு பானை வாங்கி மறுபடி கென்கி போட்டாள். தாவியா இரண்டு முறை போய் நின்றான். அவள் அவனைப் பார்க்காதது போல அடுத்த ஆளுக்கு எடுத்துக்கொடுத்தாள். சோவாவை விட்டு அவன் விலகவில்லை. போவதற்கு வேறு இடமும் இல்லை. 1935 ஜூலையில் பட்டத்தைக் காப்பாற்ற அயிக்வேயோடு மறுபடி சண்டை என்று முடிவானது. இந்த முறை எடை இறக்குவது சோவாவுக்குச் சுலபமாக இருந்தது. தாவியாவுக்குக் கிண்ணம் அனுப்ப யாரும் இல்லை.

நிறுவைக்கு முந்தைய நாள் தாவியா யாரிடமும் சொல்லாமல் ரயிலேறினான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து அமர்லேயின் முன்னால் போய் நின்றான். அன்று அவள் பேசினாள்.

"நாளைக்குத்தானே நிறுவை? ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கான்."

"ஆமா."

"சரியா இருக்கியா?"

"சரியா இருக்கேன்."

"அப்ப உக்காரு. சாப்பிடு."

அவன் உட்கார்ந்தான். "சாப்பிட்டா வருவியா?"

"முதல்ல சாப்பிடு."

ஓர் உருண்டை பிரித்து வைத்தாள். மிளகாய்த் துவையல், பொரித்த மீன். அவன் சாப்பிட்டான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். இன்னொன்று வைத்தாள். சுற்றியிருந்த ரொட்டிக்காரிகளுக்கு அது வேடிக்கை. "யாருடி இவன், பஞ்சத்துலேர்ந்து வந்தானா?" என்றார்கள். அவள் அடுத்த மட்டையைப் பிரித்தாள். மூன்றாவதில் அவனுக்கு வயிறு வலித்தது. காய்ந்து கிடந்த வயிறு அல்லவா, முறுக்கியது. வியர்த்தான்.

"போதும் அமர்லே."

"வாயைத் திற."

நான்கு சாப்பிட்டான். செம்பு நிறையத் தண்ணீர் குடிக்கவைத்தாள். நடுவில் ஒருமுறை வாந்தி வரப் பார்த்தது; அவளையே பார்த்துக்கொண்டு அடக்கி விழுங்கினான். எழுந்திருக்க முடியாமல் தரையில் கையூன்றிக்கொண்டு, "இப்ப வருவியா?" என்று கேட்டான்.

"நீ போய் நில்லு. காலை வண்டியில வர்றேன்."

மறுநாள் நான் நிறுத்தபோது அவன் நூற்றுப்பதினாறரை. இரண்டாம் முறையும் நிறுத்தேன், அதேதான். எடையைக் குறைத்துவரச் சட்டப்படி ஒரு மணி நேரம் உண்டு. "ஓடு, கம்பளியச் சுத்திக்கிட்டு ஓடு, பேதிக்கு எதாவது குடி" என்று ஹத்தாத் கத்தினார். சோவா எல்லார் முன்னாலும் அவன் வாயில் குத்தினார். தாவியா திருப்பி அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. கிடங்கு வாசலில் போய் நின்று ஸ்டேஷன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்சவாம் வண்டி வந்த ஊதல் கேட்டது. மூட்டைக்காரர்கள் வந்தார்கள், ரொட்டிக்காரிகள் வந்தார்கள். பிறகு சாலை காலியானது. ஹத்தாத் மணி பார்த்துவிட்டு, பட்டம் தராசிலேயே பறிபோனது என்று அறிவித்தார். ஒரு குத்துகூட வாங்காமல் அயிக்வேய் அக்ராவின் இரண்டாவது ஃபிளைவெயிட் சாம்பியன் ஆனான். விலா அவனுக்குச் சரியாகக் கூடியிருக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

தாவியா அதன் பிறகு மேடையேறவில்லை. வலை இழுத்தான், குடித்தான். 1941-இல் படகு கவிழ்ந்து போனான் என்கிறார்கள். 1942 என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் சரிபார்க்க முடியவில்லை. சோவா நல்ல வயது வரை இருந்தார். அமர்லே என்சவாமிலேயே தங்கிவிட்டாள். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் ஏழு பானை வைத்திருந்தாள். அக்ராவுக்கு ஒருமுறையும் திரும்பவில்லை. ஆவோ குவார்லே செத்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை.

கோக்கோ வாங்கப் போகும்போது அவளிடம் சாப்பிடுவது என் வழக்கம். போருக்குப் பிறகு ஒருமுறை, கூட்டம் குறைந்திருந்த நேரத்தில், அன்று காலை வண்டியில் ஏறப் புறப்பட்டாளா என்று அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு? அங்க என் கென்கிய எவன் வாங்குவான் அத்தா?" என்றாள், மட்டையைச் சுற்றிக்கொண்டே.

"அப்ப வர்றேன்னு ஏன் சொன்னே?"

"அவன் முழுங்கறத ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்." பானையைத் திறந்து நீராவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களுக்கு இன்னொண்ணு வைக்கவா?"